கண் திறந்து தரப்படும்

என் வீட்டுக்காரருக்கு, இந்த ஊர்ப் பனியன் பெட்டிகளுக்கெல்லாம் முகம் கொடுத்த என் ஆர்ட்டிஸ்ட்டுக்கு,

ஏனுங்க, எங்கே இருக்கிறீர்களோ அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழுது எழுதும் கடிதம் இல்லை. அழுகையெல்லாம் முதல் மூன்று மாதத்தோடு தீர்ந்துபோயிற்று. இது சண்டை பிடிக்க எழுதுவது. இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? ஊரார் படித்தாலும் படிக்கட்டும்.

நாளை மறுநாள் உங்களுக்கு வருசத் திவசம். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

நல்ல சேதி முதலில். தொழில் நிற்கவில்லை. எழுத்து என்னுடையது, படம் உங்களுடையது என்று இருபது வருசம் ஓட்டினோம். இப்போது இரண்டும் என்னுடையது. கிளி மார்க் பனியன்காரர் பெட்டி லேபிளைப் புதுசாக அடிக்கிறேன் என்று வந்தார். கிளிக்கு மூக்கு இன்னும் சிவப்பாக வேண்டுமாம். ஆக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார். "இதுக்கு மேல செவப்பாக்குனா கிளி வெத்தலை போட்டாப்பல இருக்குமுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். புரூஃப் சிவகாசியிலிருந்து வந்துவிட்டது, கிளி நன்றாகத்தான் இருக்கிறது.

கிளிக்குக் கண்ணை ஒரே இழுப்பில் வைத்துவிட்டேன். மனுசருக்கு வைப்பதுதான் எனக்கு ஆக மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் வீட்டு வாசல் போர்டில் என்ன எழுதியிருந்தது? லேபிள், நோட்டீஸ், கடை போர்டு எழுதப்படும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இறந்தவர் படத்துக்குக் கண் திறந்து தரப்படும். எழுதினவள் நான். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் வேலைதானே என்று இருந்தேன்.

உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். மூச்சு நின்ற பிறகுதான் ஸ்டூடியோக்காரருக்கு ஆள் போகும். குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, தலை சாயாமல் பின்னாலிருந்து ஒருத்தர் பிடித்துக்கொள்ள ஒரு படம் எடுப்பார். அது நம் வீட்டுக்கு வரும். பிடித்த கையை மறைப்பீர்கள். கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஸ் கொடுப்பீர்கள். பூண்டியில் சிற்பிகள் சாமி சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள், நீங்களும் அப்படித்தான். எல்லாம் முடிந்த பிறகு மூடின இமைக்கு மேலே கண் வரைவீர்கள்.

"சரசு, இங்க வா. வந்து இப்படி உக்காரு" என்று கூப்பிடுவீர்கள். அடுப்பில் பால் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும். நீங்கள் என் கண்ணைப் பார்ப்பீர்கள், படத்தைப் பார்ப்பீர்கள், மறுபடி என் கண்ணைப் பார்ப்பீர்கள். கண் என்றால் எப்படி இருக்கும் என்று அளவு பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மங்கலத்தில் அந்தத் தறிக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் அவருடைய அப்பா படம், மாலை போட்டு. பெரிய மீசை. மீசைக்கு மேலே என் கண். பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரை உயிரோடு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, அந்தக் கெழவனாருக்கு என்ற கண்ணை எதுக்குங்க வெச்சீங்க?"

"எல்லாருக்கும் அதைத்தான வெக்கறேன்."

"எல்லாருக்குமா?"

"உன்ற கண்ணு நல்ல கண்ணு சரசு. எந்த மூஞ்சிக்கு வெச்சாலும் உசுரோட இருக்கறாப்பல இருக்குது. சனங்களுக்கும் திருப்திதான? யாராச்சும் ஒருத்தர் குத்தம் சொல்லியிருக்காங்களா?"

நாம் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எத்தனை வீடு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன்னே சுவரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் கண் அங்கே இருந்தால் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சரி, அது போகட்டும். தையல் பள்ளி நோட்டீஸுக்கு வருகிறேன்.

கமலவேணி டீச்சர் பத்து மிஷின் போட்டு, பெண்பிள்ளைகளுக்கு மூன்று மாதத் தையல் படிப்பு என்று ஆரம்பித்தாரே. படித்து முடித்தால் பனியன் கம்பெனியில் வேலை நிச்சயம். டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். "வெறும் எழுத்தா இருந்தா எவளும் படிக்க மாட்டாளுங்க. ஒரு புள்ள மிஷின்ல உக்காந்திருக்கோணும். அவ மூஞ்சியப் பார்த்து இன்னொரு புள்ளைக்கு ஆசை வரோணும்." நீங்களும் பள்ளிக்கே போய் மூன்றாவது மிஷினை, ஜன்னலோரத்தில் இருக்கிறதை, அப்படியே வரைந்துகொண்டு வந்தீர்கள். மிஷின் இருந்தது. பிள்ளைதான் இல்லை.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "கண்ணாலம் ஆகோணுங்க புள்ளைக்கு. நோட்டீஸ்ல மூஞ்சி வந்தா யாருங்க கட்டுவாங்க? கடலை மடிச்சுத் தின்னுபோட்டு ரோட்டுல வீசுவாங்க." இரண்டு நாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். அப்போது சொன்னவள் நான்தான். "செத்துப்போன புள்ளையா இருந்தா என்னங்க? அவளுக்குக் கண்ணாலமா நிக்கப்போகுது?" சொன்னதோடு விட்டேனா? மேஜை டிராயரைத் திறந்து, மஞ்சள் காமாலையில் போன மங்கலத்துப் பெண் மயிலாத்தாள் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து உங்கள் முன்னால் வைத்ததும் இந்தக் கைதான். மூன்று வருசத்துக்கு முன் நீங்களே கண் திறந்த படம். நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல மூஞ்சி" என்றீர்கள். நாம் இரண்டு பேரும் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ். பள்ளி வாசலில் தகர போர்டு, ஆயில் பெயின்டில் ஆளுயரத்துக்கு. மிஷின் முன்னால் மயிலாத்தாள், தலையை நிமிர்த்தி, தெருவில் போகிறவர்களை என் கண்ணால் பார்த்துக்கொண்டு. போர்டு மாட்டி நாலாம் நாள் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்தீர்கள், அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். நல்லா மாட்டி விட்டுட்டுப் போனீங்க, போங்க.

இரண்டு மாதம் கழித்து டீச்சரே வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "சரசக்கா, கொஞ்சம் வாங்க. உங்களால மட்டுந்தான் ஆகும்."

நடந்தது இதுதான். மங்கலத்தில் யாரோ கடலை மடித்துக் கொடுத்த காகிதம் நம் நோட்டீஸ். அது மயிலாத்தாளின் அம்மா நாச்சக்கா கைக்குப் போயிருக்கிறது. மறுநாளே தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பள்ளிக்குள் வந்து, "எம்புள்ள இங்கதான் படிக்கறா" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் மூன்றாவது மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பதறிப்போய் எழுந்துகொண்டாளாம். நாச்சக்கா கத்தவில்லை, அழவில்லை. "கை கழுவப் போயிருக்கறாளாக்கும். வரட்டும்" என்று சொல்லிக் காத்திருந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பினார். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

பிள்ளைகள் அந்த மிஷின் பக்கமே போகவில்லை. காலையில் வந்தால் அதில் மட்டும் நூல் கோத்திருக்கிறது என்றார்கள். கோத்தது யாரென்று டீச்சருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், பிறகு நாலு பேர். "செத்தவள நோட்டீஸ்ல போட்டா செத்தவதான வருவா" என்று ஒரு பெண்ணின் அப்பா தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாராம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் போட்டவரு இல்ல. நீங்கதான் அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லோணும்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்க பொண்ணு இல்லீங்கக்கா, அது என் வீட்டுக்காரர் வரைந்த படம், தப்பு எங்க மேலதான், மன்னிச்சுக்குங்க. நான்கு வரி. மத்தியான வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் எல்லா மிஷினும் ஒன்றாக நின்றது. நாச்சக்கா எழுந்து என் பக்கம் வந்தார். என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். நீங்கள் திருப்புவீர்களே, அதே மாதிரி.

"வந்துட்டயா" என்றார்.

நான்கு வரியில் ஒரு வரியும் வரவில்லை.

"சோறு ஆறுது மயிலா. போயிக் கையக் கழுவிட்டு வா."

ஏனுங்க, நான் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். ஏன் போனேன்? இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. கம்பஞ்சோறும் பச்சைப்பயறு கடைசலும். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். மிச்சமிருந்த பிள்ளைகளெல்லாம் சுவரோடு ஒட்டி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நாச்சக்கா பள்ளிக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நம் வீட்டுக்கு வந்தார். பள்ளி பிழைத்துக்கொண்டது, டீச்சர் என்னைத் தெய்வம் என்றார். தெய்வமாவது ஒன்றாவது! வாரா வாரம் செத்தவளுக்கு வந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் கடைவீதியில் யாரோ யாரையோ "மயிலா" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். திரும்பின பிறகுதான் நான் சரசு என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். தலை வாருவதுகூடக் கையால் தடவித்தான்.

இதற்கு நடுவில் உங்கள் அண்ணார் வந்தார். உங்கள் படத்தைக் கொண்டுவந்தார். ஒரு போட்டோவுக்கும் நிற்காத மனுசர் நீங்கள். நம் கல்யாணத்துக்கும் படம் இல்லை. அதனால் உங்களையும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள். தலையைப் பிடித்திருந்தது உங்கள் அண்ணார் கை. நாலு பிரதி போட்டு மேஜையில் வைத்தார். "திவசத்துக்கு மாலை போடோணும் அம்மிணி. கண்ணு மூடுன படத்துக்கு எப்படிப் போடறது? ஊருக்கெல்லாம் கண்ணு தொறந்து குடுத்த ஊடு இது. நீதான் தொறக்கோணும்."

சரி என்றேன். என் கையால் செய்வதுதான் நியாயம் என்றுகூடத் தோன்றியது. முதல் பிரதியில் வரைந்தேன். என் கண் வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் சின்னதாக வரைந்தேன், அதுவும் என் கண். மூன்றாவது, நாலாவது. நாலு சரசு உங்கள் முகத்திலிருந்து என்னைப் பார்த்தார்கள். பிரஷ்ஷை வைத்துவிட்டு, உங்கள் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். கறுப்பா? கொஞ்சம் பழுப்பா? இமை முடி நீளமா? ஒன்றும் தெரியவில்லை.

இருபது வருசம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "செவத்தப் பாரு சரசு, என்னையப் பார்க்காத, பார்த்தா உன்ற கண்ணு சிரிச்சுப்போடும்" என்பீர்கள். நானும் பைத்தியக்காரி மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்த இடம் எல்லாம் தெரியும். உங்கள் கண் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நாச்சக்கா வந்தபோது அந்த நாலு படமும் மேஜையில் கிடந்தன. தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இது ஆரு?"

"என்ற வீட்டுக்காரருங்க."

"இவரையுந் தின்னுபோட்டயா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

"மயிலாவுக்கு இந்தக் கண்ணு இல்ல அம்மிணி. மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க என்னைய மயிலான்னு கூப்பிட்டீங்க?"

"அவ கண்ணு எனக்கு மறந்துபோச்சு. நாலு வருசமாச் செவத்துலிருந்து இந்தக் கண்ணுதான் என்னையப் பாக்குது. பாக்கப் பாக்க அவ கண்ணு கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சுபோச்சு. தூக்கத்துல வந்தாலும் உன்ற கண்ணோடதான் வாரா. சரி, சோத்தப் போட்டு இந்தக் கண்ணையே அவளுதுன்னு வெச்சுக்கலாம்னு பார்த்தேன். ஆக மாட்டேங்குது." அப்போதுதான் நாச்சக்கா அழுதார். "என்ற புள்ள கண்ணு எனக்கு வேணும் சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் என்ன செய்வேன்? நான் பார்த்திராத கண்ணை எப்படி வரைவேன்? ஆனால் பஞ்சையும் டர்பன்டைனையும் எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். மங்கலத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவே அந்த வீட்டில் மயிலாத்தாள் படத்தைக் கீழே இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, நீங்கள் வைத்த கண்ணைத் துடைத்தேன். இடது கண் போனது. வலது கண் போகும் வரைக்கும் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணை நானே துடைப்பது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பெயின்டுக்குக் கீழே அவளுடைய இமை இருந்தது. ஸ்டூடியோக்காரர் எடுத்தபடி, மூடினபடி. நாச்சக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். முதல் தடவையாக அவர் சிரித்து நான் பார்க்கிறேன்.

"முழிக்கறப்ப மொதல்ல ஒரு கண்ணத்தான் தொறப்பா. விடிஞ்சுதான்னு பார்த்துப்போட்டு அப்புறம் மத்தது. சின்னக் கண்ணு. சிரிச்சா அதுவுங் காணாமப் போயிரும். கள்ளி!"

பஸ் ஏற்றிவிட வந்தவர் என்னிடம், "உன்ற பேரு என்ன அம்மிணி?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் கேட்டதே இல்லை. சரசு என்றேன்.

வாசல் போர்டில் அந்தச் சின்ன எழுத்து வரியைக் கறுப்பு அடித்துவிட்டேன். தையல் பள்ளித் தகர போர்டையும் சுரண்டியாகிவிட்டது. புது நோட்டீஸில் முகம் இல்லை, பிள்ளைகளின் கைகள்தான், துணியைத் தள்ளிக்கொண்டு. ஒவ்வொருத்தியும் கையை நீட்டிக்கொண்டு, "அக்கா, என்ற வளையலும் வரோணும்" என்று என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாளுக. நாச்சக்கா மாதிரி யார் வந்து கேட்டாலும் போய்த் துடைத்துக் கொடுப்பேன். இந்தக் கண்ணே போதும் என்கிறவர்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உங்கள் நாலு படத்தையும் நேற்றுத் துடைத்தேன். அண்ணாருக்குச் சொல்லியாகிவிட்டது. குதித்தார், "செத்தவனச் செத்தாப்பலயேவா மாட்டுவ?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

இன்று மத்தியானம் ஒரு படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நாச்சக்காவுக்கு வந்த மாதிரி எனக்கும் உங்கள் கண் ஞாபகத்துக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவராவது மறந்தார். மறப்பதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை, மாமா. ஆனால் உங்கள் மூக்குத் தண்டில் ஒரு வடு இருக்கிறது, பழைய வடு, நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே. மேல் உதட்டோரம் சவரக் கத்தி விட்ட ரெண்டு முடி. பார்க்கப் பார்க்க இன்னும் இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன். தெரியாத கண்ணை உங்களுக்கு வைக்க மாட்டேன், வேறு யாரையும் வைக்க விடவும் மாட்டேன். மூடினபடியே இருங்கள். நீங்கள் என்னைப் பார்த்தது போதும். இனிமேல் நான் பார்க்கிறேன்.

இவ்வளவு சண்டைக்குப் பிறகும்
உங்கள் வீட்டுக்காரி,
சரசு